கல்லூரிக் கூடைப்பந்து: புது சீசன் அணியை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். ரசிகர்களின் விவாதம் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடும். யார் போனார்கள், யார் வந்தார்கள், இந்த முறை அணி தேறுமா என்ற பேச்சு ஏழு மாதம் ஓடும். அந்த ஏழு மாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பெரும்பகுதி ஆண்கள் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பற்றியது. பெண்கள் அணிகளுக்கும் ஒரு கேள்வி உண்டு.

ஒவ்வொரு வருடமும் அணி அடையாளமே தெரியாமல் மாறிவிடுகிறதே, ஏன்?

விதிகள் மாறியதுதான் காரணம். முன்பு ஒரு வீரர் கல்லூரி மாறினால் ஒரு முழு சீசன் வெளியே உட்கார வேண்டும். அதற்குப் பயந்தே பலர் இருந்த இடத்தில் இருந்தார்கள். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. வெளியேற நினைக்கும் வீரர் அதில் பெயரைப் பதிந்தால் மற்ற கல்லூரிகளின் கோச்சுகள் அவரிடம் பேசலாம். 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறினால் உட்காரத் தேவையில்லை என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ சொன்னது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தடை போட்ட பிறகு அந்த 'ஒருமுறை' வரம்பும் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் விதியையே மாற்றிவிட்டார்கள். படிப்பில் தேவையான தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம்.

பணமும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. எல்லோரும் என்ஐஎல் என்று சொல்வது இதைத்தான். 2025 ஜூனில், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் தீர்வுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தரத் தொடங்கின. 2025-26-க்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோச்சுகள் எப்போதும் நினைத்தபோது வேலை மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ரசிகருக்கு வேலை கூடிவிட்டது. நான்கு வருடம் ஒரு பையன் வளர்வதைப் பார்த்துப் பழகியவர்கள், இப்போது ஒரு கோடையில் எட்டுப் பேரைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு அணியில் எத்தனை பேர்?

ஹவுஸ் தீர்வை ஏற்ற கல்லூரிகளில் 15 பேர் வரை. அதற்குமுன் ஆண்கள் அணிக்கு 13 உதவித்தொகை, அதற்குமேல் சொந்தச் செலவில் சேரும் வாக்-ஆன் வீரர்கள். நிஜமாக ஆடப்போவது எட்டு ஒன்பது பேர்தான்.

பட்டியல் வெளியானதும் முதலில் எதைப் பார்ப்பது?

பெயர்களை அல்ல, நிமிடங்களைப் பாருங்கள். ஒரு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 200 நிமிடம். ஒரு தாளை எடுத்து அந்த 200-ஐப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். முக்கிய வீரர்கள் மூவருக்குத் தலா 32 கொடுத்தால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். மீதியை ஐந்தாறு பேர் பங்கிட வேண்டும். 'பத்துப் பேர் ஆழம் உள்ள அணி' என்று கோடையில் புகழப்படும் அணியில், டிசம்பரில் இரண்டு பேராவது வருத்தத்தோடு பெஞ்சில் இருப்பார்கள்.

பிரித்த பிறகு மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்ப்பேன். எதிரணி நெருக்கிப் பிடிக்கும்போது பந்தை யார் நிதானமாக மேலே கொண்டுவருவார்? அவருக்கு ஃபவுல் ஏறி வெளியே வந்தால் அடுத்தவர் யார்? மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எதிரணி விட்டுவைக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர்தான் என்றால் எந்த நட்சத்திரமும் உள்ளே திணறுவார். அப்புறம், வளையத்தை யார் காப்பார்? அந்த ஒருவர் உட்கார்ந்தால் தடுப்பு எப்படி இருக்கும்?

இவற்றில் எதற்காவது 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் பதிலென்றால், மார்ச்சில், தோற்றால் வெளியேறும் என்சிஏஏ போட்டியில், அந்த அணி தோற்கும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

பழைய கல்லூரியில் 20 புள்ளி அடித்தவர் இங்கேயும் அடிப்பாரா?

பெரும்பாலும் மாட்டார், அதில் தப்பும் இல்லை. ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பந்து கிடைப்பது ஏறக்குறைய 70 முறை. சின்ன அணியில் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆள் முடித்துவைக்கலாம். அப்படிப்பட்ட மூன்று பேரை ஒரே அணியில் சேர்த்தால் மற்ற இருவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. யாராவது குறைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

அதனால் புதிதாக வருகிறவரின் சராசரிப் புள்ளியை விட, பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பதையே பார்ப்பேன். சயான் ஜேம்ஸ் துலேனில் 2023-24-இல் சராசரி 14 புள்ளி அடித்தார். அடுத்த வருடம் டியூக்குக்கு வந்தபோது அது 9-க்கும் கீழே இறங்கியது. எதிரணியின் வலுவான ஆட்டக்காரரைத் தடுப்பதும், திறந்த ஷாட் கிடைத்தால் மட்டும் எடுப்பதும் அவர் வேலையானது. அந்த அணி 35 வென்று 4 தோற்றது. அவரும் தொழில்முறை லீக்கான என்பிஏ வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வானார். எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் சரிந்தவராகத் தெரிந்திருப்பார்.

ஷாட்டிங் திறமை ஓரளவு கூடவே வரும். கோபி பிரே டேட்டனில் 2023-24-இல் மூன்று புள்ளி ஷாட்டில் கிட்டத்தட்ட 50 சதவீதம் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார். கென்டக்கிக்கு வந்து, எஸ்இசி என்ற கல்லூரிக் குழுவின் பலமான அணிகளுக்கு எதிராக ஆடியும், 43 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தார். தனியாக டிரிபிள் செய்து உள்ளே நுழைந்து எடுக்கும் புள்ளிகள்தான் மட்டம் உயர உயரக் குறையும். அங்கே தடுக்க வருகிறவர்களின் கைகள் நீளம்.

ஃப்ரெஷ்மன் (முதலாண்டு) ஷாட்டரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், பள்ளியில் எடுத்த மூன்று புள்ளிச் சதவீதத்தைவிட ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பாருங்கள். அது கையின் நேர்த்தியைக் காட்டும், தடுப்பாட்டக்காரரின் தரம் அதில் கலப்பதில்லை.

நட்சத்திர ஃப்ரெஷ்மன்கள் இருந்தால் போதாதா?

2018 நவம்பர் 6 அன்று டியூக், கென்டக்கியை 118-84 என்று அடித்து நொறுக்கியது. ஆர்.ஜே. பாரெட் 33, சயான் வில்லியம்சன் 28, கேம் ரெடிஷ் 22. மூவரும் ஃப்ரெஷ்மன்கள், முதல் ஆட்டம். இந்த அணியை யாரும் தொட முடியாது என்ற பேச்சு அன்றிரவே கிளம்பிவிட்டது. அதே மாதம் மாவி போட்டியின் இறுதி ஆட்டத்தில் கொன்சாகாவிடம் 89-87 என்று தோற்றார்கள். மார்ச்சில், ஃபைனல் ஃபோருக்கு (கடைசி நான்கு அணிகள்) ஒரு படி முன்னால், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67.

சயான் வில்லியம்சன் அந்த சீசனில் களத்தில் இருந்தபோதெல்லாம் அற்புதமாகத்தான் ஆடினார். குறை வேறு இடத்தில் இருந்தது. அணியின் மூன்று புள்ளிச் சதவீதம் 31-ஐ ஒட்டியே இருந்தது. எதிரணிகள் வெளியே ஆளை விட்டுவிட்டு உள்ளே கூடி நின்றன. முதல் ஆட்டத்தில் எல்லா ஷாட்டும் விழுந்ததால் இது கண்ணில் படவில்லை.

ஃப்ரெஷ்மன்களை நம்பி ஜெயித்த அணிகளும் உண்டு. 2012-இல் கென்டக்கி 38-2 என்ற கணக்கோடு பட்டம் வென்றபோது ஆந்தனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், மார்க்விஸ் டீக் என்ற முதலாண்டு மூவரோடு, டெரன்ஸ் ஜோன்ஸ், டோரன் லாம்ப் என்று இரண்டாம் வருடத்துக்காரர்களும், பெஞ்சிலிருந்து வரும் சீனியர் டேரியஸ் மில்லரும் இருந்தார்கள். முதலாண்டு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் 22 வயதுக்காரர் யார் என்று தேடுங்கள். கொரோனா சீசனுக்காக எல்லோருக்கும் ஒரு கூடுதல் வருடம் கிடைத்ததிலிருந்து எதிரணிகளில் வயது ஏறியவர்கள் அதிகமானார்கள். 18 வயதுப் பையனின் தோள்பட்டை அதைத் தாங்குமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய அணி அப்படியே திரும்பி வந்தால் கவலை இல்லைதானே?

கவலை உண்டு. சமீப வருடங்களில் எனக்கு மிகவும் பாடமாக இருந்தது 2022-23 வட கரோலினா. முந்தைய சீசனில் இறுதி ஆட்டம் வரை போய், பாதி நேரத்தில் 15 புள்ளி முன்னிலையில் இருந்து, கான்சாஸிடம் 72-69 என்று தோற்ற அணி. தொடக்க ஐவரில் நால்வர் திரும்பினார்கள்: ஆர்மாண்டோ பேகாட், ஆர்.ஜே. டேவிஸ், கேலப் லவ், லீக்கி பிளாக். ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் சீசனுக்கு முன் முதலிடம் கொடுத்தார்கள். முடிவில் 20 வெற்றி, 13 தோல்வி. என்சிஏஏ போட்டிக்கு அழைப்பே இல்லை. 1985-இல் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கி அழைப்பில்லாமல் போன முதல் அணி அதுதான்.

போன ஒரே ஆள் பிரேடி மானெக். ஆறடி ஒன்பது அங்குல உயரம், மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 40 சதவீதம். அவர் வெளியே நிற்பதால்தான் பேகாட்டுக்கு உள்ளே இடம் கிடைத்தது. அவருக்குப் பதில் வந்த பீட் நான்ஸ் திறமைசாலி, ஆனால் அந்த இடைவெளியை அதே மாதிரி உருவாக்க முடியவில்லை. அணியின் மூன்று புள்ளிச் சதவீதம் 31 பக்கம் இறங்கியது. 'ஐந்தில் நால்வர் இருக்கிறார்கள்' என்று எண்ணினோமே தவிர, போன ஐந்தாமவர் எதைத் தாங்கிப் பிடித்திருந்தார் என்று போதுமான அளவு யாரும் பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம் பர்டூவைப் பாருங்கள். 2023-இல் 16-ஆம் நிலை (போட்டியில் கடைசி நிலை) அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்று அவமானப்பட்ட அணி. சாக் ஈடி, பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லாயர் எல்லோரும் திரும்பினார்கள். எதிரணியின் நெருக்கடியைச் சமாளிக்கப் பின்களத்தில் இன்னொரு வேகமான கை இல்லை என்பதுதான் பழைய குறை. சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற ஒரு கார்டை (பின்கள ஆட்டக்காரரை) எடுத்தார்கள். 2024-இல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர், ஆனால் சரியான குறைக்குச் சரியான ஆள். திரும்பி வருகிற அணியைப் பார்க்கும்போது நான் தேடுவது இதைத்தான்: போன வருடம் தோற்ற காரணம் எது, அதற்கு யாரை எடுத்திருக்கிறார்கள்?

யாருமே திரும்பவில்லை என்றால்?

கென்டக்கி 2024-25. ஜான் கேலிபாரி ஆர்கன்சாஸுக்குப் போனார், மார்க் போப் பிஒய்யூவிலிருந்து (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) வந்தார். உதவித்தொகை பெற்றிருந்த பழைய வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே, டிரெக்ஸலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், வேக் ஃபாரஸ்டிலிருந்து ஆண்ட்ரூ கார் என்று அணி முழுக்க வெளியிலிருந்து வந்தவர்கள். பார்த்தவுடன் பயம் வருவது இயல்பு.

ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு திட்டம் தெரிந்தது. பெரும்பாலும் கல்லூரி வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். தடுப்புக்குப் பெயர்போன கார்டு ஒருவர். மேல்புறம் நின்று பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டர் (வழக்கமாக வளையத்துக்கு அருகே ஆடும் உயரமானவர்) ஒருவர். சுற்றிலும் ஷாட்டர்கள். எல்லாவற்றையும்விட, போப்பின் ஆட்டமுறையில் பிஒய்யூவில் ஆடிய ஜாக்சன் ராபின்சன் கூடவே வந்திருந்தார். புதுக் கோச் வரும்போது அவரோடு வரும் அந்த ஒரு வீரரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கற்க வேண்டியதை அவர் ஏற்கெனவே அறிந்தவர். பயிற்சியின் வேகமே அதனால் மாறும்.

நவம்பரிலேயே டியூக்கை 77-72 என்று வென்றார்கள். ஜனவரியில், பிற்பாடு சாம்பியனான ஃபுளோரிடாவையும் 106-100 என்று வீழ்த்தினார்கள். பிறகு காயங்கள் வந்தன. கெர் கிரீசாவுக்குப் பாதம், பட்லருக்குத் தோள், ராபின்சனுக்கு மணிக்கட்டு. கடைசி 16 அணிகள் வரை போய் டென்னசியிடம் முடிந்தது. பந்தைக் கையாள இரண்டாவது, மூன்றாவது ஆள் தேவை என்று மேலே சொன்னது சும்மா இல்லை.

அப்படியானால் எந்த வகை அணியை அதிகம் நம்பலாம்?

டிரான்ஸ்ஃபராக வந்து, அதே கல்லூரியில் இரண்டாவது வருடம் ஆடுகிறவர்கள் உள்ள அணியை. 2025 சாம்பியன் ஃபுளோரிடாவில் வில் ரிச்சர்ட் 2022-இல் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர், வால்டர் கிளேட்டன் 2023-இல் அயோனாவிலிருந்து, அலிஜா மார்ட்டின் 2024-இல் எஃப்ஏயூவிலிருந்து (ஃபுளோரிடா அட்லாண்டிக்). ஒரே கோடையில் வாங்கி அடுக்கிய அணி அல்ல அது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அவர்களிடம் 65-63 என்று தோற்ற ஹூஸ்டனிலும் நான்கு தொடக்க வீரர்கள் பழையவர்கள். ஓக்லஹோமாவிலிருந்து வந்த மிலோஸ் உசான் மட்டும் புது பாயிண்ட் கார்டு.

இன்னொரு வகையும் உண்டு: போன வருடம் குறைந்த நிமிடங்கள் ஆடி, அந்தக் கொஞ்ச நேரத்தில் நிறையச் செய்த இரண்டாம் வருடத்துக்காரர். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 2023-இல் பட்டம் வென்றபோது டோனவன் கிளிங்கன் ஆட்டத்துக்குச் சுமார் 13 நிமிடம் ஆடிய மாற்று சென்டர். முதல் சென்டர் சனோகோ போனதும் இவர் தொடக்க வீரரானார். யூகான் 37-3 என்று மறுபடியும் பட்டம் வென்றது. இப்படிப்பட்டவர்கள் 'புதிதாக வந்தவர்கள்' பட்டியலில் இல்லாததால் கோடைப் பேச்சில் தவறிவிடுகிறார்கள்.

பட்டியலில் போடும் உயரத்தை நம்பலாமா?

ஒன்றிரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள், ஷூவோடு அளப்பது சகஜம். கை விரிப்பு எவ்வளவு என்று தெரிந்தால் அது அதிகம் உதவும்.

கோடைப் பயிற்சிச் செய்திகள்?

கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு எட்டு மணி நேரம் மட்டுமே பயிற்சிக்கு அனுமதி. முழுப் பயிற்சி முதல் ஆட்டத்துக்கு 42 நாள் முன்பு தொடங்கும். அதற்குள் 30 பயிற்சிகள் நடத்தலாம். கோடையில் எல்லா அணியிலும் எல்லோரும் தசை ஏற்றியிருப்பார்கள், எல்லோருடைய ஷாட்டும் மேம்பட்டிருக்கும். அந்தச் செய்திகளில் நான் கவனிப்பது ஒன்றுதான்: யாருடைய பெயர் வரவே இல்லை? காயமோ, பின்தங்கலோ பெரும்பாலும் அப்படித்தான் முதலில் வெளியே தெரியும்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அணிகள் வெளிநாட்டுப் பயணம் போகலாம். அதற்காகக் கூடுதலாகப் பத்துப் பயிற்சிகள் கிடைக்கும். புது முகங்கள் நிறைந்த அணிக்கு அந்தப் பத்து நாள் பெரிய வரம். எதிரணியின் தரம் அங்கே முக்கியமில்லை.

சீசனுக்கு முந்தைய தரவரிசைக்கு மதிப்பு உண்டா?

கொஞ்சம் உண்டு. மேல் வரிசை அணிகளில் பெரும்பாலானவை நல்ல அணிகளாகவே முடியும். ஆனால் முதலிடம் யாருக்கு என்பதில் அது தடுமாறும். கான்சாஸ் 2023-24, 2024-25 இரண்டிலும் முதலிடத்தில் தொடங்கியது. முதல் முறை இரண்டாம் சுற்றில் கொன்சாகாவிடமும், அடுத்த முறை முதல் சுற்றிலேயே ஆர்கன்சாஸிடமும் வெளியேறியது. 2023-இல் பட்டம் வென்ற யூகான் அந்த சீசனை முதல் 25 அணிகளின் பட்டியலிலேயே இல்லாமல் தொடங்கியது.

பெண்கள் அணிகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கே தலா 10 நிமிடமாக நான்கு கால் பகுதிகள், மொத்தம் அதே 40 நிமிடம். போர்ட்டலும் அதேதான். 2023 இறுதி ஆட்டம் நல்ல உதாரணம். ஒரு பக்கம் ஐயோவா: கேட்லின் கிளார்க், மோனிகா சினானோ உள்ளிட்ட அதே தொடக்க ஐவர் பல சீசன்களாகச் சேர்ந்து ஆடியவர்கள். மறுபக்கம் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்): மேரிலாந்திலிருந்து வந்த ஏஞ்சல் ரீஸ் உட்பட ஒன்பது புதியவர்கள். எல்எஸ்யூ 102-85 என்று வென்றது. இரண்டு வழியிலும் இறுதி வரை வரலாம் என்று ஒரே ஆட்டம் காட்டியது. அன்று ஐயோவாவை உடைத்த ஜாஸ்மின் கார்சன் பெஞ்சிலிருந்து வந்து 22 புள்ளி எடுத்தவர். அவரும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த டிரான்ஸ்ஃபர்தான்.

எக்சிபிஷன் (சீசன் கணக்கில் சேராத) ஆட்டங்களில் என்ன பார்ப்பது?

ஸ்கோரை விடுங்கள். 30 விநாடி ஷாட் கடிகாரத்தில் கடைசி எட்டு விநாடி ஆகும்போது பந்து யாரிடம் போகிறது என்று பாருங்கள். அந்த ஆள்தான் கோச்சின் நம்பிக்கை, பேட்டியில் அவர் என்ன சொன்னாலும். ஸ்க்ரீன் (எதிரணி ஆள் வழியை மறித்து நிற்பது) வரும்போது தடுப்பாட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்கிறார்களா? முதல் மாற்று ஆளாக யார் எழுகிறார்? இரண்டு பெரிய ஆட்களைச் சேர்த்து ஆட வைக்கிறார்களா? இவை நவம்பரிலும் தொடரும்.

சரி, எப்போதுதான் ஒரு முடிவுக்கு வருவது?

மூன்று புள்ளிச் சதவீதத்தை வைத்து நவம்பரில் எதுவும் முடிவு செய்யாதீர்கள். நாலைந்து ஆட்டங்களில் அது எப்படி வேண்டுமானாலும் ஆடும். எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதம் அதைவிட ஆடும். ஆனால் எத்தனை ஷாட்டை மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எடுக்கிறார்கள், டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமல் பந்தை இழப்பது) எத்தனை, தப்பிய ஷாட்டை எவ்வளவு பிடிக்கிறார்கள், யாருக்கு எத்தனை நிமிடம் ஆகியவை விரைவில் ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். நன்றி நாள் வாரத்துப் போட்டிகளில் மூன்று நாளில் மூன்று ஆட்டம் வரும்போது பெஞ்சின் உண்மை தெரியும். டிசம்பரில் எதிரணியின் சொந்த அரங்கில் ஒரு ஆட்டமாவது இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஜனவரியிலிருந்து கான்ஃபரன்ஸ் (ஒரே கல்லூரிக் குழுவுக்குள் நடக்கும்) ஆட்டங்களில், சில அணிகளை ஒரே சீசனில் இரண்டாம் முறை சந்திப்பார்கள். முதல் சந்திப்பில் அடைத்த வழியை இரண்டாவதில் எப்படித் திறக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, ஏப்ரலில் தாளில் எழுதிய அந்த 200 நிமிடக் கணக்கை மறுபடி எடுத்துப் பெயர்களை அடித்துத் திருத்தலாம்.